எழுபது படி ஏறிய ரசம்

மேட்டுக்கோட்டை என்று ஒரு தலைநகரம். பெயரில்தான் மேடு. ஊர் இருந்தது குன்றின் அடிவாரத்தில், ஆற்றை ஒட்டி. உச்சியில் அரண்மனை மட்டும்.

ராஜாவின் பாட்டனார் காலத்தில் ஊர் மொத்தமும் உச்சியில்தான் இருந்ததாம். கவலை என்னும் மாட்டு ஏற்றம் கட்டி, மாடு பூட்டி, ஆற்றுத் தண்ணீரைத் தோல் சாலில் நான்கு கட்டமாக மேலே இறைத்தார்கள். முதலில் அது அரண்மனைக் குளத்தைத் தொட வேண்டும். பிறகுதான் ஊராருக்கு. காலப்போக்கில் ஜனங்கள் கீழே குடிவந்துவிட்டார்கள். வழக்கம் மட்டும் கீழே வரவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வைக்கோலுக்குப் பஞ்சம். கவலை இறைத்த நாற்பது ஜோடி மாடுகளில் ஒன்று இறைக்கும்போதே சுருண்டு விழுந்தது. சுந்தரவல்லப ராஜா சபையில் நீர் அமைச்சரைப் பார்த்தார்.

அமைச்சர் பெயர் கங்காதரராயர். கங்கையைத் தலையில் தாங்கியவர் பெயர். இவர் தாங்கியது தலைப்பாகையை மட்டும்தான்.

"மாடுகளுக்குச் சோம்பல், மகாராஜா. மாட்டுக்காரர்களுக்கு அதைவிடச் சோம்பல். சாட்டையில் ஒரு முழம் கூட்டுவோம். ஜோடிக்கு ஒரு மேற்பார்வையாளர் போடுவோம்" என்றார் ராயர்.

போட்டார்கள். நாற்பது பேரும் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்கள். மறுவாரம் இன்னும் இரண்டு மாடுகள் விழுந்தன.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதி மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். ஆனால் ஊருக்குத் தண்ணீர் ஒரு குடம்கூடக் குறையக்கூடாது. குறைந்தால் கவலைக்காரர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும். மூன்று நாள் தவணை!"

அமைச்சருக்கு என்ன தண்டனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அங்கே இல்லை.

கவலைக்காரர்களின் தலைவன் உடையான், அப்பாண்டையிடம் ஓடிவந்தான். அப்பாண்டை சபையில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் பேசுவார், ராஜா சிரிப்பார். அதுதான் உத்தியோகம்.

"சாமி, பச்சப்புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நாங்க எங்க போவோம்?" என்று அழுதான் உடையான்.

அப்பாண்டைக்கு மனசு கேட்கவில்லை. அவனோடு ஆற்றங்கரைக்குப் போனார்.

"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

"மேலேங்க."

"மேலே போய்?"

"அரண்மனைக் குளத்துல விழுந்து, மண்குழாய் வழியா கீழே வருதுங்க."

"கீழே எங்கே?"

உடையான் கையை நீட்டினான். முதல் கட்டத்துக்கு இருபது அடி தள்ளி ஊர்த் தொட்டி. பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அப்பாண்டை தொட்டியைப் பார்த்தார். குன்றைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார். "முதல் கட்டத்திலேயே இந்தப் பக்கம் திருப்பிவிட்டால்?"

"ஐயையோ! அரண்மனையைத் தொடாத தண்ணிய ஊருக்கு விடறதாவது! சொன்னவன் நாக்கை அறுத்துடுவாங்க. ராஜா ஒருத்தர்தான் அதைச் சொல்லலாம்."

"அப்படியானால் ராஜாவே சொல்லட்டும்" என்றார் அப்பாண்டை.

மூன்றாம் நாள் மத்தியானம் அரண்மனையில் விருந்து. ஏற்பாடு அப்பாண்டையுடையது. ராஜாவுக்கு எழுபது படிக்கு மேலே மாடத்தில் இலை. சபையோர் இருநூறு பேருக்கும் கீழே முற்றத்தில் இலை. ராயரும் அப்பாண்டையும் மட்டும் ராஜாவின் பக்கத்தில் நின்றார்கள்; உடையான் முற்றத்து வாசலில் காத்திருந்தான். சமையலறை முற்றத்தை ஒட்டியே இருந்தது. பரிமாறுகிறவர்கள் ராயரின் நாற்பது மேற்பார்வையாளர்கள். கடைசி இலை நிறைந்த பிறகுதான் ராஜா சோற்றில் கை வைப்பார். அது அந்த நாட்டு முறை.

சோற்று அண்டா எழுபது படி ஏறியது. ராஜாவின் முகத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றது. எழுபது படி இறங்கி முற்றத்துக்குப் போனது. குழம்பும் அப்படியே. ரசம் ஏறும்போது பாதி படியில் சிந்தியது. மேற்பார்வையாளர்களுக்கு நாக்குத் தள்ளியது. ஒருவர் பூசணிக்காய்க் கூட்டோடு முப்பதாவது படியில் உட்கார்ந்தேவிட்டார்.

ராஜாவுக்குப் பசி காதை அடைத்தது. "அப்பாண்டை! ஏனய்யா இவ்வளவு தாமதம்?"

"பரிமாறுகிறவர்களுக்குச் சோம்பல், மகாராஜா. ராயரிடம் மருந்து இருக்கிறது. ஒரு முழம் சாட்டை."

ராயர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த அப்பளக் கூடை மூச்சிரைக்க மேலே வந்து, இலையில் ஒன்றுகூட விழாமல் திரும்பியது. ராஜா எழுந்து நின்று கத்தினார். "அட மூடர்களே! மேலே இருக்கிற எனக்கு வேண்டியதை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். கீழே இருக்கிறவர்களுக்குக் கீழேயே கொடுத்துத் தொலையுங்கள்!"

"ராஜ உத்தரவு!" என்று கூவினார் அப்பாண்டை. "சபையோர் எல்லாரும் கேட்டீர்களா? உடையா, ஓடு! வாய்க்காலைத் திருப்பு!"

"எந்த வாய்க்கால்?" என்றார் ராஜா.

அப்பாண்டை மாடத்திலிருந்து கையைக் காட்டினார். கீழே ஆறு. பக்கத்திலேயே ஊர்த் தொட்டி. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் போக, குன்று முழுக்க இறைத்துக்கொண்டிருந்த மாடுகள். ராஜா ஆற்றைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார்.

"ஆனால் பாட்டனார் காலத்து வழக்கம்…" என்று இழுத்தார் ராயர்.

"ரசம் ஆறிப்போச்சு, ராயரே" என்ற ராஜா, வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஊர்த் தண்ணீர் முதல் கட்டத்தோடு திரும்பியது. அங்கே பத்து ஜோடி மாடுகள். அரண்மனைக்கு வேண்டியதை இறைக்க, மேலே மூன்று கட்டத்துக்கும் கட்டத்துக்கு ஒரு ஜோடி. மொத்தம் பதின்மூன்று. ஒரு குடம் குறையவில்லை. கவலைக்காரர்கள் முறைபோட்டு இறைத்தார்கள். ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. மேற்பார்வையாளர்கள் மட்டும் நாற்பது பேர் அப்படியே இருந்தார்கள்.

ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்பாண்டை, உனக்கு ஒரு மாளிகை தருகிறேன். இங்கேயே, உச்சியில், என் அரண்மனைக்குப் பக்கத்தில்!"

அப்பாண்டை கைகூப்பினார். "கீழேயே கொடுத்துத் தொலையுங்கள், மகாராஜா. நான் குளிக்க ஒரு மாடு மலையேற வேண்டாம்."