மெட்டுகள் நெருங்கி நின்ற கதை

அந்தக் காலத்தில் தேனீக்களும் மனிதர்களும் ஒரே பாஷை பேசினார்கள். ஆகவே சண்டையும் அதே பாஷையில்தான் நடந்தது. மலையடிவாரத்தில் வெள்ளச்சி என்றொரு ஏணிக்காரி இருந்தாள். அவள் செய்த ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். படிக்குப் படி ஒரு முழம், இம்மி பிசகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் ஏணிக்கு மரம் வேண்டுமென்று, கேட்காமல் கொள்ளாமல் ஒரு பலாவை வெட்டிச் சாய்த்தாள். உள்ளே இருந்த தேன்கூடு நொறுங்கிப் போயிற்று. ராணித்தேனீ கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு உச்சிப்பாறைக்குப் போய்விட்டது. அப்புறம் ஊரில் பூசணி பூத்தது, பூத்த இடத்திலேயே வாடியது. ஒரு பிஞ்சு இல்லை. வெள்ளரிக்கும் அதே கதி. “நீ வெட்டியது மரத்தை இல்லை, எங்கள் சோற்றை” என்று ஊரார் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

வெள்ளச்சி பாறைக்குப் போய்க் கும்பிட்டு நின்றாள்.

“எங்கள் வீடு ரீங்காரத்தோடு இருந்தது” என்றது ராணி. “அந்த மரத்தையே பாட வை. நாங்கள் படிப்படியாகச் சுரம் ஏற்றுவோம். அது கூடவே ஏறி வந்தால் பூவுக்கு வருகிறோம். இல்லாவிட்டால் வேறு மலை பார்த்துக்கொள்கிறோம்.”

வெள்ளச்சி பலாவைக் குடைந்தாள். காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை மாட்டி, நரம்பை இழுத்துக் கட்டினாள். நரம்பை அழுத்த, குறுக்கே மெட்டுக் கட்டைகள் வேண்டுமே! ஏணிக்காரியின் கை வேறென்ன செய்யும்? எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் ஆணியடித்து இறுக்கினாள்.

பாறைக்கு எடுத்துப்போய்த் தேனீக்கள் பாடப் பாட மீட்டினாள். முதல் இரண்டு படி சரியாக வந்தது. அதற்குமேல் நரம்பு தேனீக்களைத் தாண்டித் தாண்டிக் குதித்தது.

“என் அளவில் குற்றமில்லையே, தாயே” என்றாள்.

“அளவு அப்படியே இருக்கிறது. நரம்புதான் படிக்குப் படி குறைகிறதே, அதைப் பார்த்தாயா?”

வெள்ளச்சிக்கு உறைத்தது. அந்த ஊரில் தேன் எடுக்க ஒரு கட்டுப்பாடு உண்டு: எத்தனை முறை எடுத்தாலும், அப்போது மிஞ்சியிருப்பதில் பதினெட்டில் ஒரு பங்குதான். மிச்சம் சிறுத்தால் பங்கும் சிறுக்கும். நரம்பையும் அப்படித்தானே எடுத்திருக்க வேண்டும்?

அத்தனை ஆணியையும் பிடுங்கினாள். மரம் சல்லடையாகிவிட்டது, மறுபடி அடித்தால் பிளந்துவிடும். அவள் உட்கார்ந்து அழுதாள். ஊரின் பசி கண்முன்னே நின்றது.

ராணி பறந்து வந்து அந்தத் துளைகளின் மேல் ஊர்ந்து பார்த்தது. பிறகு, “எங்கள் கூட்டின் மெழுகு நீ வெட்டிய இடத்திலேயே கிடக்கிறது. எடுத்துவந்து அதில் பதி” என்றது.

மெழுகை உருக்கி ஊற்றினாள். மீதியில் பதினெட்டில் ஒரு பங்கு, அதன் மீதியில் பதினெட்டில் ஒரு பங்கு என்று மெட்டுகளை நட்டாள். பன்னிரண்டாவது மெட்டு நரம்பின் பாதிக்கு வந்து நின்றது. தேனீக்கள் பாடின. நரம்பும் படி தவறாமல் கூடவே ஏறியது. மறுநாள் காலை பூசணிப் பூக்களில் தேனீக்கள் இறங்கின.

அன்று முதல்தான் வீணையில் சுரம் ஏற ஏற மெட்டுகள் நெருங்கிக்கொண்டே போகின்றன. ஆணியை நம்பாமல், இடிந்த ஒரு வீட்டின் மெழுகில் நிற்கின்றன.