தோட்டாக் குப்பிக்குக் காதுகுத்து

மொட்டைப்பாறை ஜமீனில் வேட்டைக்காரர்களுக்குக் குறைவில்லை, வேட்டைக்குத்தான் குறைவு. காட்டுப்பன்றிகள் அவர்களுக்கு நடுவிலேயே மேய்ந்துவிட்டுப் போகும். அப்பேர்ப்பட்டவர்களை நம்பித்தான் ஜமீன்தார் அந்த வருஷம் பக்கத்து வடகரை ஜமீனோடு பந்தயம் கட்டினார்.

பந்தயம் இதுதான். எதிர்மலையில் ஒரு பானை வைக்கப்படும். இரண்டு ஜமீனுக்கும் ஆளுக்கு ஒரு வெடி. யாருடைய குண்டு பானைக்கு நெருக்கமாகப் போகிறதோ, அந்த ஜமீனுக்குப் பிசான நெல் பருவம் முழுக்கக் கால்வாய்த் தண்ணீர். தோற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேட்டைக்காரர்களின் தலைவன் சொரிமுத்துவுக்கு இதில் எல்லாரையும்விடப் பெரிய கவலை. அவனுடைய வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தது. நாற்று அப்போதே மஞ்சள் தட்டிக் கிடந்தது.

எதிர்மலை தூரம் அதிகம். அதனால் ஜமீன்தார் பட்டணத்திலிருந்து துப்பாக்கி வேலைக்காரர் ரசாக் சாயபுவை வரவழைத்தார். சாயபு ஜமீன் ரைபிளில் தோட்டா போய் உட்காரும் குழியைக் கடைந்து அகலப்படுத்தினார். வெடிமருந்து அதிகம் பிடிக்கும், குண்டு அதிக தூரம் போகும் என்றார். ஆனால் அந்தக் குழிக்கு ஏற்ற பெரிய குப்பி, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, கடையில் கிடைக்காது, நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழியும் சொன்னார். சாதாரணத் தோட்டாவைப் போட்டு ஒருமுறை வெடிக்க வேண்டும். வெடித்த வேகத்தில் பித்தளைக் குப்பி உப்பி, குழியின் வடிவத்துக்கு வந்துவிடும். அதை எடுத்து மறுபடி மருந்தும் குண்டும் வைத்தால் அதுதான் அசல் தோட்டா.

"முதல் வெடி குப்பிக்காக. குறிக்காக இல்லை. குண்டு எங்கே போனாலும் கவலைப்படாதீங்க. உப்பின குப்பி கிடைக்கிறது அபூர்வம். பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டுச் சாயபு வண்டி ஏறினார். அவர் போனதும் அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிசகக்கூடாது என்று சொரிமுத்து, கண்ணாயிரம், மாசானம் ஆகிய மூன்று வேட்டைக்காரர்களும் ஜமீன்தார் காலைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

மறுநாள் தோட்டத்தில் குப்பி உப்பவைக்கும் வேலை தொடங்கியது. தூரத்தில் ஒரு பழைய பானை. முதலில் கண்ணாயிரம் துப்பாக்கியை வெடித்தான். ஜமீனில் குறி பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பானை தூள்தூளானது.

சொரிமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னலே கண்ணாயிரம் இப்படிப் பண்ணிப்புட்டே? முதல் வெடி குறிக்காக இல்லன்னு சாயபு சொன்னாருல்லா?"

கண்ணாயிரம் தலையைச் சொறிந்தான். "வேணும்னு செய்யலண்ணே. கை பழகிப்போச்சு."

மூன்றாமவன் மாசானம் யோசனைக்காரன். ஜமீனில் எந்தச் சிக்கலையும் இன்னும் கொஞ்சம் சிக்கலாக்கித் தருபவன் அவன். குண்டு குறிக்கு வேலை பார்த்துவிட்டதால் குப்பிக்கு வேலை பார்த்திருக்காது என்று அவன் விளக்கினான். குப்பி நன்றாகத்தான் உப்பியிருந்தது. ஆனால் வெளிக்கு அப்படித் தெரியும், உள்ளுக்குள் கெட்டிருக்கும் என்றான் மாசானம். குப்பியைக் கிணற்றில் போட்டார்கள். கண்ணாயிரம் அடுத்தடுத்து வெடித்ததெல்லாம் குறியில் பட, அந்தக் குப்பிகளும் கிணற்றுக்கே போயின. கடைசியில் துப்பாக்கியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

துப்பாக்கியை வாங்கிச் சொரிமுத்து வெடித்தான். ஒன்று புளியமரத்தில் பட்டது. ஒன்று ஜமீன்தார் வீட்டு மாடியில் காய்ந்த வேட்டியைத் துளைத்தது. இன்னொன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. ஜமீன்தார் ஓட்டை வேட்டியோடு வந்து நின்றபோது சொரிமுத்து பணிவாகச் சொன்னான், "நாங்க கவலைப்படலை எசமான்." சாயபுவின் உத்தரவு என்று தெரிந்ததும் ஜமீன்தாரும் கவலைப்படவில்லை. ஒருமுறைகூடத் தவறாமல் குறியைத் தப்ப வைத்தவன் என்று பந்தயத்துக்கும் சொரிமுத்துவையே தேர்ந்தெடுத்தார். பொறுப்பான பதவிகளுக்கு ஆள் எடுக்கும் முறை அந்தக் காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

குப்பிகள் சேர்ந்துவிட்டன. இனி பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டில் கட்டினார்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். கன்னம் எந்தப் பக்கம் என்பதில் அரைநாள் வாக்குவாதம் நடந்து, சுற்றி எல்லாப் பக்கமும் வைப்பது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் சொரிமுத்து தன் வீட்டுக் குடிதண்ணீரைக் கொண்டுவந்தான்.

பிறகு மாசானம் ஒரு கேள்வி கேட்டான்.

"எல்லாம் சரி. பிள்ளைக்குக் காது குத்த வேண்டாமா?"

எல்லாரும் வெட்கித் தலைகுனிந்தார்கள். இத்தனை பேர் இருந்தும் தோன்றவில்லையே. ஆனால் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். குப்பியின் தாய் ரைபிள். ரைபிளுக்கு அண்ணன் யார்? ஆயுதசாலை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய நாட்டுத் துப்பாக்கிதான் வயதில் மூத்தது. அதற்குப் பட்டு உருமால் கட்டி உட்காரவைத்து, அதன் மடியில் குப்பிகளை வைத்தார்கள். தட்டாரின் ஊசி பித்தளையில் வளைந்துபோனதால் கொல்லரை அழைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் துளை போட்டு, புண் ஆற வேப்பங்குச்சி செருகினார்கள். ஜமீன்தார் தன் செலவில் பொங்கச்சோறு போட்டார்.

பந்தய நாள் வந்தது. வடகரை ஆள் முதலில் வெடித்தான். குண்டு பானையின் விளிம்பைச் சிராய்த்துக்கொண்டு போனது. கொஞ்சம் மண் உதிர்ந்ததோடு சரி. இனி மொட்டைப்பாறை பானையை உடைத்தால் தண்ணீர் அவர்களுக்கு.

சொரிமுத்து செல்லமாக ஒரு குப்பியைத் தொட்டிலிலிருந்து எடுத்து, வேப்பங்குச்சியை உருவிவிட்டு மருந்தைக் கொட்டினான். மருந்து இரண்டு காது வழியாகவும் ஒழுகியது. வேறொன்றை எடுத்தான். அதுவும் ஒழுகியது. எல்லாக் குப்பியும் ஒழுகியது.

"பச்சப்பிள்ளைல்லா, கக்கத்தான் செய்யும்" என்றான் மாசானம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சொரிமுத்து பெட்டியில் மிச்சமிருந்த சாதாரணத் தோட்டாவை எடுத்துப் போட்டான். அவன் கண்ணில் பானை தெரியவில்லை, மஞ்சள் தட்டிய நாற்றுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தான்.

எதிர்மலையில் பானை சுக்குநூறானது. மொட்டைப்பாறை ஜனங்கள் துண்டைத் தூக்கி வீசினார்கள். கண்ணாயிரம் அழுதேவிட்டான். வடகரை ஜமீன்தார் நேர்மையான மனுஷர். எழுந்து வந்து கால்வாய் மதகுச் சாவியை நீட்டினார்.

சொரிமுத்து சாவியை வாங்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து குப்பியை எடுத்துப் பார்த்தான். அழகாக உப்பியிருந்தது.

"மன்னிக்கணும் எசமான். இது முதல் வெடி. குப்பிக்காக வெடிச்சது, குறிக்காக இல்லை. இதைக் கணக்குல சேத்தா சாயபு வார்த்தை பொய்யாப் போயிரும்."

வடகரைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மொட்டைப்பாறை ஜமீன்தாரைப் பார்த்தார். அவரோ கண்கலங்கி நின்றார். இப்படிச் சொல் தவறாத ஆட்கள் எந்த ஜமீனுக்குக் கிடைப்பார்கள் என்று சொல்லி, தன் கையாலேயே சாவியை அவரிடம் திருப்பித் தள்ளினார். குறியில் பட்ட வெடியின் குப்பி என்பதால் அதையும் வழியில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வடகரை அரண்மனை வாசலில் சொரிமுத்து வந்து நின்றான். தோளில் தூளி, தூளியில் குப்பிகள். பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஒரு பானை தண்ணீர் வேண்டும் என்றான்.

வடகரை ஜமீன்தாருக்கு மனசு கேட்கவில்லை. "ஏப்பா, உன் நாத்து பூராவும் கருகிக் கிடக்குன்னு சொல்லுதாங்களே. அதுக்குத் தண்ணி கேட்டா மதகையே தொறந்துவிடுவேனே. அதை விட்டுட்டு இந்தப் பித்தளையக் குளிப்பாட்டவா வந்தே?"

சொரிமுத்து தூளியை மெல்ல ஆட்டிக்கொண்டே சொன்னான்.

"நாத்தைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிடணும்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே எசமான்."