பூஜ்ஜியம் காட்டிய அணை

கேள்வி கடைசியில்தான் வரும். அதற்குள் யார் தலையிலும் பழியைப் போட அவசரப்பட வேண்டாம். இதில் வருகிற மூவருமே வேலை தெரிந்தவர்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

குறிச்சியாற்று அணையில் ஒரு சங்கு உண்டு. நீர்மட்டம் நாற்பது அடியைத் தொட்டால் கணினியே அதை ஊதவைக்கும். சத்தம் கேட்டதும் கீழே தோப்பூர் சனங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுவார்கள். அந்தப் புரோகிராமை எழுதியவர் மரகதவல்லி. நீர்மட்டம் அளக்க அணையில் கிடக்கும் மீட்டர் அனுப்புவதை அடிக்கணக்காக மாற்றும் பகுதியை மட்டும் அவர் எழுதவில்லை. அது வேறு யாரோ எழுதி எல்லாருக்கும் பொதுவாக விட்ட லைப்ரரி, அதாவது எந்தப் புரோகிராமும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தத் துண்டு. அணைக் கணினியிலேயே அதன் பொதுப் பிரதி ஒன்று இருந்தது. இருந்தும் மரகதவல்லி தன் புரோகிராமோடு தனியாக ஒரு பிரதியைச் சேர்த்தே கட்டி அனுப்பினார்.

நான்கு வருடம் கழித்து ஒரு புயல் நாள். பிற்பகலில் வெள்ளம் வரும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அதே காலையில் இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. அந்த லைப்ரரியில் ஓர் ஓட்டை. வெளியாள் எவனும் அதன் வழியாக நுழைந்து சங்கை நிறுத்திவிடலாம். பொதுப் பிரதியின் ஓட்டையை எழுதியவர்களே அடைத்துவிட்டார்கள். மரகதவல்லியின் பிரதி திறந்தே கிடந்தது.

அணைக் கணினிகளை நகரத்து அலுவலகத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் செர்மக்கனி. அவர் அந்தப் பிரதியின் பதிப்பு எண்ணைப் பார்த்தார். நான்கு வருடத்துக்கு முந்தைய பொதுப் பிரதியின் எண்ணே அதிலும் இருந்தது. பழைய சரக்கு, வேறொன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்ட மரகதவல்லியைக் கூப்பிட்டார்.

“மேடம், உங்க பிரதியைத் தூக்கிட்டுப் பொதுவுல உள்ளதை மாட்டிரலாம்லா?”

“தொடாம இருந்தா நல்லதுங்க சார். எதுக்கோதான் கூட வச்சு அனுப்பினேன்.”

“எதுக்குன்னு சொல்லுங்க.”

“நாலு வருஷமாச்சுங்க, ஞாபகம் வரலை. பார்த்துட்டுச் சொல்றேன்.”

அதுவரை ஓட்டையைத் திறந்துபோட செர்மக்கனிக்கு மனம் வரவில்லை. தோப்பூர் ஆற்றோரத் தெருவில் கடைசி வீடு அவருடைய அக்கா பாக்கியத்தின் வீடு. பழைய பிரதியை எடுத்தார், பொதுப் பிரதியை மாட்டினார்.

அணையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் சுடலைமுத்துவிடம் சோதிக்கச் சொன்னார். அவர் மீட்டரின் மிதவையைக் கயிறு கட்டி நாற்பதாவது கோட்டுக்குத் தூக்கினார். சங்கு ஊதியது. சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு போனில் சொன்னார்:

“நல்லா ஊதுது சார். வெள்ளத்துல மண்ணு அடைச்சு மீட்டர் ஊமையாயிரும், அப்பக்கூட இது ஊதாம இருந்ததில்ல.”

“போதும் அண்ணாச்சி” என்றார் செர்மக்கனி. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றரை மணிக்கு மரகதவல்லியிடமிருந்து செய்தி வந்தது. “சார், மாத்திடாதீங்க. மீட்டர்ல இருந்து ஒண்ணும் வரலைன்னா உடனே சங்கு ஊதணும்னு என் பிரதியில மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கேன். பொதுப் பிரதி அதைப் பூஜ்ஜியம்னு எடுத்துக்கும்.”

செர்மக்கனி திரையைப் பார்த்தார். கொட்டுகிற மழையில் அணையின் நீர்மட்டம் பூஜ்ஜியம் என்று காட்டியது. அவர் கை விசைப்பலகைக்குப் போவதற்குள் அணையின் இணைப்பு அறுந்தது. போனும் போகவில்லை. ஷட்டர் பக்கம் நின்ற சுடலைமுத்து, ஆபத்தென்றால் சங்கு ஊதும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லுங்கள். சொந்தப் பிரதியை அனுப்பிய மரகதவல்லி, அதை எடுத்துவிட்ட செர்மக்கனி, ஊதுகிறது என்று கையெழுத்துப் போட்ட சுடலைமுத்து. இவர்களில் சங்கின் வாயை அடைத்தது யார்?

விடை: மரகதவல்லி. தனிப் பிரதி வைத்தது குற்றமில்லை. அந்த ஒரு வரிதான் இத்தனை நாள் தோப்பூரைக் காத்தது. ஆனால் பொருளை மாற்றிவிட்டுப் பழைய எண்ணையே அதன்மேல் விட்டார். லைப்ரரியை எழுதியவர்களிடம் அந்த வரியைக் கொடுத்திருந்தால் பொதுப் பிரதியிலும் அது இருந்திருக்கும், யார் எதை எடுத்தாலும் சங்கு ஊதியிருக்கும். செர்மக்கனி எண்ணை நம்பினார். அதை நம்பாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. சுடலைமுத்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இந்தத் தீர்ப்பைச் செர்மக்கனி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. ஊமை மீட்டருக்கும் சங்கு ஊதும் என்று அண்ணாச்சி சொன்னபோது, எப்படி என்று தான் கேட்கவில்லையே என்கிறார். சொல்லிவிட்டு அக்காவின் எண்ணுக்கு மறுபடியும் அடித்துப் பார்க்கிறார்.