பாட்டு எடுக்கும் நேரம்

கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் சந்தியாகு என்ற உபதேசியார் இருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கோயிலில் செபம் சொல்வதும் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. பங்கின் குருவான கஸ்பார் சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனக்குறை எதுவானாலும் உபதேசியார் அவரிடம்தான் போவார்.

ஒரு சனிக்கிழமை மாலையும் போனார்.

"சாமி, எனக்குச் சமாதானம் இல்ல."

"எப்போலருந்து?"

"அப்பாவை அடக்கம் பண்ணின நாள்லருந்து."

ஊருக்கே தெரிந்த கதை அது. பல வருடங்களுக்கு முன்பு தகப்பன் இறந்தபோது மூத்த மகன் தொம்மை ஆழ்கடலில் இருந்தார். வெயில் காலம், உடல் தாங்காது என்று உபதேசியார் அடக்கத்தை முடித்துவிட்டார். தொம்மை கரையேறி ஓடி வந்தபோது குழியை மூடியாகிவிட்டது. ஊர் பார்க்கத் தம்பியின் முகத்துக்கு நேரே காறித் துப்பினார். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் துப்பியதை உபதேசியார் மறக்கவில்லை. தான் அவசரப்பட்டதை அவ்வளவாக நினைப்பதும் இல்லை. நம்மில் யார்தான் நினைக்கிறோம்?

"செபமாலை சொல்லுதேன். உபவாசம் இருக்கேன். ஒண்ணும் நடக்கல. மலையில மவுன தியானம் நடக்குதாமே, ஒரு மாசம் போய்ட்டு வரட்டுமா?"

"நாளைக்குப் பூசை முடியட்டும், பிறகு போங்க. ஆனா நாளைக்குப் பாட்டை ரோசலின் டீச்சர் எடுக்கட்டும். நீங்க பீடத்துல என் பக்கத்துல நில்லுங்க."

"நானா? எதுக்கு சாமி?"

"சும்மாதான். கண்ணை மட்டும் மூடாதீங்க."

அதுதான் உபதேசியாருக்குச் சங்கடம். பூசையில் சமாதானம் பகிரும் நேரத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அவர் மட்டும் மைக்கின் முன்னால் கண்ணை மூடி, ஊர் முழுவதற்கும் பொதுவாக ஒரு கும்பிடு போடுவார். உடனே, கண்ணைத் திறக்காமலே, 'செம்மறியே' பாட்டை எடுத்துவிடுவார். அந்தப் பாட்டு தொடங்கினால் சமாதானம் பகிரும் நேரம் முடிந்தது என்று அர்த்தம். பூசை இழுத்துக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது. டீச்சரையும் அப்படித்தான் பழக்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமி கைகளை விரித்தார்.

"ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்."

கோயில் சலசலத்தது. உபதேசியார் கண்ணைத் திறந்தபடி நின்றார்.

கடைசி வரிசையில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒருவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். தொம்மை. வரிசைகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். மைக் பக்கம் பார்த்தார். தம்பி அங்கே இல்லை. தேடினார். பீடத்தில் அவரைக் கண்டதும் மறுபடி நடந்தார்.

பாதி வழி வந்திருப்பார். ரோசலின் டீச்சர் பாட்டை எடுத்தார்.

கோயில் முழுவதும் பாட ஆரம்பித்தது. தொம்மை நின்றார். கொஞ்ச நேரம் பீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். வழியோரம் இருந்தவர்கள் யாரும் அவரை வேடிக்கை பார்க்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது.

பூசை முடிந்து சாமி உடை மாற்றும் அறையில் இருந்தார். உபதேசியார் வாசலில் வந்து நின்றார்.

"எவ்வளவு காலமா இப்படி எங்கிட்ட வாறாரு?"

"நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் ஞாயித்துக்கிழமையே பாத்தேன்."

"எனக்குத் தெரியாதே சாமி. சத்தியமாத் தெரியாது."

"கண்ணை மூடியிருந்தா எப்படித் தெரியும்?"

உபதேசியார் சுவரில் சாய்ந்து அழுதார். சாமி தேற்றவில்லை. திருவுடையை மடித்து அலமாரியில் வைத்தார்.

அழுது ஓய்ந்தபின் உபதேசியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் பாட்டை நானே எடுக்கேன் சாமி. அவரு எங்கிட்ட வந்து சேர்ற வரைக்கும் பொறுத்திருந்து எடுக்கேன்." சொல்லிவிட்டுத் தயங்கினார். பழக்கம் விடவில்லை. "ஆனா பூசை ரொம்ப இழுத்துருமே?"

"அவருக்கு முழங்கால் வலி" என்றார் சாமி. "நீங்க எதிரே நடந்தா சீக்கிரமே எடுத்துரலாம்."