தவளைகளுக்கு ஆமென் சொன்ன ஆடுகள்

காட்டோரக் குளத்தங்கரையில் செம்மறி ஆடுகளுக்கு ஒரு தேவாலயம் இருந்தது. அதன் போதகர் ஞானதீபம், தாடி நீண்ட வெள்ளாட்டுக் கிடா. சும்மா சொல்லக்கூடாது, ஜெபம் செய்ய ஆரம்பித்தால் அரை நாள் ஓடிவிடும். ஆடுகள் கண்ணை மூடிக்கொண்டு, அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் "ஆமென்" சொல்லும். பாதி ஆடுகள் தூக்கத்திலேயே சொல்லும். மூன்று ஆமென் விழுந்துவிட்டால் அது சபைத் தீர்மானம். போதகரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

அந்த வருடம் ஆடுகள் ஆலயத்தைச் சுற்றி மதில் எழுப்பின. மதில் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்துவிட்டது. குளம் வற்றி, தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன. இன்னும் இரண்டு நாள் போனால் ஒன்றுகூடத் தேறாது. தவளைகள் இலையில் மனு எழுதி நாலு தடவை போதகரிடம் கொடுத்தன. இலையைக் கண்டால் ஆட்டுக்கு வாய் சும்மா இருக்குமா? நாலையும் தின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவளைகள் திரண்டு வந்து ஆலய வாசலில் கோஷம் போட்டன. போதகர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆண்டவரே, வெளியே கத்துகிறவர்களின் வாயை அடைத்தருளும்" என்று தொடங்கி, மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் தவளைத் தலைவி குப்பாயியின் குரல் கணீரென்று கேட்டது. "வாய்க்காலைத் திறந்து விடணும்!"

"ஆமென்" என்றன ஆடுகள்.

திடுக்கிட்ட போதகர் வேகமாக ஜெபித்தார். வேகத்தில் மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கியது.

"மதிலை இடிக்கணும்!"

"ஆமென்."

நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"எங்க பிள்ளைங்க சாகக் கூடாது!"

"ஆமென்!" இந்தத் தடவை தூங்கிய ஆடுகளும் விழித்துக்கொண்டு சொன்னன.

அது ஜெபமே இல்லை, செல்லாது என்று போதகர் வாதாடினார். முன்வரிசையில் இருந்த சலோமி என்ற ஆடு எழுந்தது.

"போதகரய்யா, கண்ணை மூடியிருந்ததால யார் குரல்னு எனக்குத் தெரியல. ஆனா இன்னைக்குக் கேட்டதுல அதுதான் ஜெபம் மாதிரி இருந்துச்சு."

போதகர் கதவைத் திறந்தார். குப்பாயியின் கையில் ஒரு சிரட்டை, அதில் கலங்கல் தண்ணீர், அசையாமல் மிதந்த மூன்று தலைப்பிரட்டைகள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் மதிலை முட்டினார். கொம்பு மதிலில் சிக்கிக்கொண்டது. ஆடுகள் எல்லாம் சேர்ந்து அவர் வாலைப் பிடித்து இழுக்க, போதகரோடு மதிலும் பெயர்ந்து வந்தது. தண்ணீர் குளத்துக்குப் பாய்ந்தது.

வாசலில் அழுகிறவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யும் ஜெபம் வெறும் சத்தம்தான்.