நீலமணிகள் தலை சாய்த்த கதை

அந்தக் காலத்தில் பூக்களுக்கும் மரங்களுக்கும் பேச்சு உண்டு. மலைக்காட்டில் நீலமணிப் பூக்கள் வருஷம் முழுவதும் பூத்து, நிமிர்ந்து நின்றன. மரங்கள் இலை உதிர்த்ததே இல்லை. அடியில் எப்போதும் அரை இருட்டுதான்.

அங்கே குடிசை போட்டிருந்த மாதிக்கு, புருஷன் செவணன் தேனெடுக்கப் போனபின் அந்தப் பூக்கள்தான் பேச்சுத்துணை. அடுப்பில் கிழங்கு வேகும்வரை ஊர்க்கதையெல்லாம் ஓடும்.

அவள் நிறைமாதமாக இருந்தபோது, தேனுக்குப் போன செவணன் மூன்று நாளாகியும் திரும்பவில்லை. மலை முழுக்கப் பனிமூட்டம்.

"அவர் குரல் கேக்குது, மாதி," என்றது ஒரு பூ. "வழி தெரியாம எதிர்ச்சரிவையே சுத்திச் சுத்தி வர்றார். நேத்தைவிடக் குரல் தேஞ்சு போச்சு."

மாதி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வலி கண்டிருச்சு. எப்படிப் போவேன்?"

பூக்கள் காட்டு மரங்களுக்கெல்லாம் மூத்த பெருமரத்தைக் கெஞ்சின. "உங்க இலையை எல்லாம் உதிர்த்துடுங்க. வெளிச்சம் விழுந்தா அவர் எங்களைப் பார்ப்பார்."

"உதிர்க்கலாம்," என்றது மரம். "ஆனா மறுபடி தழைச்சா முன்னைவிட இருட்டும். அதிலே நீங்க பிழைக்க முடியாது. மண்ணுக்குள்ளே கிழங்காப் போய்ப் படுக்கணும். சம்மதமா?"

பூக்கள் மாதியைப் பார்த்தன. அவள் கண் நிறைந்தது.

"சம்மதம்," என்றன.

இலைகள் கொட்டின. வெயில் இறங்கிப் பனிமூட்டத்தைக் கலைத்தது. சரிவு முழுக்க நீலமாய் விரிந்தது. பூக்கள் அத்தனையும் குடிசை இருக்கும் பக்கம் தலை சாய்த்தன. எதிர்ச்சரிவில் நின்ற செவணன் அந்த நீலத்தைக் கண்டான். அவை சாய்ந்த திசையிலேயே தள்ளாடி நடந்து வந்தான். மகள் பிறந்தபோது மாதியின் கை அவன் கைக்குள் இருந்தது.

சில வாரங்களில் மரங்கள் துளிர்த்தன. "போயிட்டு வர்றோம்," என்று பூக்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. அந்த வருஷம் சமைக்கும்போதெல்லாம் மாதி பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் மரங்கள் மறுபடி இலை உதிர்த்து நின்றபோது அவை வந்தன. மண்ணுக்குள் கிடந்ததில் பேச்சு மறந்துபோயிருந்தது. மாதி மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துச் சேதியையும் அவற்றிடம் சொல்லித் தீர்த்தாள்.

அன்றிலிருந்துதான் நீலமணிகள், மரங்கள் தழைப்பதற்குள் அவசரமாகப் பூத்து, ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றுவிட்டு, சொல்லாமல் போய்விடுகின்றன.