வேலி போட்டதால்

“எழுதி முடிச்சிட்டேன்க்கா” என்றாள் சேதுராக்கு.

அமலோற்பவம் தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். பக்கத்தில் வைத்த காப்பி ஆறிப்போனது. படித்து முடித்ததும் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல தண்ணி எங்க?”

சேதுராக்குவுக்குப் புரியவில்லை.

“யார் எப்பப் பொறுப்புக்கு வந்தாங்க, யார் பார்வைக் கோபுரம் கட்டினாங்க, யார் பலகை வச்சாங்க, எல்லாம் இருக்கு. ஐம்பது வருஷத்துல கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா வரலையான்னு ஒரு வரி இல்லை.”

குருந்தனேந்தல் கண்மாய் பறவைகள் சரணாலயத்துக்குப் பொன்விழா வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை யார் யார் எப்படிப் பராமரித்தார்கள் என்ற வரலாற்றை எழுதித் தரும் வேலை சேதுராக்குவிடம் வந்திருந்தது. அவள் ஒரு கல்லூரியில் தற்காலிகமாக வரலாறு நடத்துகிறவள். பட்டயங்களும் போர்களும் தெரியும். கண்மாய் தெரியாது.

அமலோற்பவத்துக்குத் தெரியும். காடுகளுக்கும் கண்மாய்களுக்கும் வரலாறு எழுதியவர். வயதில் இரண்டு மூன்று ஆண்டுதான் மூத்தவர். ஓர் அரிசி ஆலையின் மாடியில் தனியாகக் குடியிருந்தார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை வந்ததில்லை.

சேதுராக்கு வந்தாள்.

“ஊருக்குப் போனேன்க்கா. யாரும் பேச மாட்டேங்கிறாங்க.”

“என்ன கேட்டே?”

“பறவைகளைப் பத்தி.”

“போற வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேட்கிறாங்க. நீ மண்வெட்டியைப் பத்திக் கேளு.”

அவ்வளவுதான் சொன்னார். கீழே ஆலை ஓடத் தொடங்கியது. அதற்கு மேல் பேசினாலும் கேட்காது.

சேதுராக்கு மறுபடி குருந்தனேந்தலுக்குப் போனாள். ஊர்த்தலைவர் கூரிச்சாமி வீட்டு முற்றத்தில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. கண்மாய்க்குள் இதற்கு என்ன வேலை இருந்தது என்று கேட்டாள். அவர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

அக்கம்பக்கத்தாரும் வந்து கூட, அன்று பொழுது சாயும் வரை பேசினார்கள். ஒருவர் தொடங்கினால் இன்னொருவர் முடித்தார். கோடை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டி விடுவார்களாம். பறவை எச்சம் ஊறிய வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடிப்பார்களாம். மண் போகப் போகக் கண்மாய் ஆழம் குறையாமல் இருந்தது. சித்திரை வரை தண்ணீர் நின்றது. நடுவில் நின்ற நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டி, குஞ்சு பறந்த பிறகுதான் போயின. நாரைக்காக யாரும் மண் அள்ளவில்லை என்றார் கூரிச்சாமி. வயலுக்காகத்தான் அள்ளினோம். நாரைக்கும் ஆயிற்று.

பிறகு வனத்துறையின் வேலி வந்தது. ஊர் வெளியே நின்றது. வரத்துக்காலில் கால் வைத்தவர்கள்மேல் வழக்குப் பாய்ந்தது. வரத்துக்கால் தூர்ந்தது. சீமைக் கருவேல் முளைத்தது. தண்ணீர் தை மாதமே வற்றியது. பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டிலேயே செத்தன. சில வருஷம் நாரைகள் வந்து பார்த்தன. பிறகு வரவில்லை.

சரணாலயம் மட்டும் இருந்தது.

வேலி ஏன் வந்தது என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் முற்றத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் வரத்துக்கால் ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிகப்பாயி சொன்னாள். தொடர்ந்து மழை பொய்த்த காலம் அது. வெளியூர்க்காரர்கள் வந்து முட்டை கேட்டார்கள். ஊர் ஆண்கள் மரம் ஏறினார்கள். கூடை கூடையாக இறக்கினார்கள். என் வீட்டுக்காரரும் ஏறினார், அதில்தான் அந்த வருஷம் கஞ்சி குடித்தோம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனியவில்லை.

சேதுராக்கு இரண்டையும் எழுதினாள். முட்டை எடுத்ததை எழுதினாள். அதைக் காரணம் காட்டித் துறை ஊரையே வெளியே தள்ளியதை எழுதினாள். துறையின் பழைய அறிக்கைகளோடும், மழை அளவுகளோடும், வருஷா வருஷம் எடுத்த பறவைக் கணக்கோடும் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு இப்படி முடித்தாள்:

‘வேலி போட்டு ஊரை வெளியே நிறுத்தியதால் வரத்துக்கால் தூர்ந்தது. வரத்துக்கால் தூர்ந்ததால் தண்ணீர் நிற்கவில்லை. தண்ணீர் நிற்காததால் நாரைகள் போயின.’

அமலோற்பவம் படித்தார். இந்த முறை காப்பியைக் குடித்தார்.

“இப்பத் தண்ணி இருக்கு” என்றார்.

பிரதியைச் சரணாலயத்தின் பொறுப்பு அதிகாரி சம்பத்குமரனிடம் கொடுத்தாள். அவர் கெட்டவர் இல்லை. முழுவதும் படித்திருந்தார். நன்றாக உழைத்திருக்கிறீர்கள் என்று மனமாரப் பாராட்டினார். பிறகு அந்தக் கடைசிப் பத்தியில் பென்சிலை வைத்தார்.

“நடந்ததை எடுக்கச் சொல்லலை மேடம். ‘ஆல்’ மட்டும் வேண்டாம்.”

அவரே வாசித்தும் காட்டினார். வேலி போடப்பட்டது. வரத்துக்கால் தூர்ந்தது. தண்ணீர் நிற்கவில்லை. நாரைகள் போயின. இதில் எது பொய் என்று கேட்டார்.

எதுவும் பொய் இல்லை.

போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த வரலாற்றை வைத்துத்தான் அடுத்த பத்து வருஷத் திட்டம் எழுதப்போகிறார்கள். வடக்கே உள்ள மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்து இரண்டாவது வேலி ஒன்று வருகிறது.

அதே வாரம் கூரிச்சாமி அவளைத் தேடி வந்தார். முட்டை எடுத்ததை அவள் எழுதியிருப்பது காதுக்கு எட்டியிருந்தது. அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிடு தாயி என்றார். செத்தவர்கள் செய்தது, பிள்ளைகள் தலையில் விடியும் என்றார். ஏற்கெனவே எங்களைத் திருடன் என்கிறார்கள், நீயும் எழுதிவிட்டால் இரண்டாவது வேலிக்கு நீயே முளைக்குச்சி அடித்த மாதிரி என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவள் ஆலை மாடிக்கு ஏறினாள்.

“இவங்க ஒரு உருபை எடுக்கச் சொல்றாங்க. அவங்க ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்றாங்க. ரெண்டு பேருமே நல்லவங்கக்கா. எடுத்துட்டா யாருக்கும் சங்கடம் இல்லை. நான் யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறேன்னு எனக்கே தெரியலை.”

அமலோற்பவம் எழுந்தார். செருப்பை மாட்டினார். கதவைப் பூட்டினார். இருவரும் பேருந்தில் ஏறினார்கள்.

குருந்தனேந்தல் நிறுத்தத்தில் இறங்கி வேலியோரமாக நடந்தார்கள். பூட்டிய கம்பிக் கதவில் பலகை தொங்கியது. ‘உள்ளே நுழையாதீர். பறவைகளுக்கு இடையூறு செய்யாதீர்.’

கதவுக்குச் சற்றுத் தள்ளிக் கம்பி தொய்ந்திருந்தது. அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் நுழைந்தார். முள்ளை விலக்கிக்கொண்டு கண்மாயின் நடுவுக்குப் போனார். வெடித்த களிமண்ணில் உட்கார்ந்தார். சேதுராக்கு வேலிக்கு வெளியே சற்று நேரம் நின்றாள். பிறகு அவளும் நுழைந்தாள்.

காவலர் ஓடி வந்தார். பலகையைப் படிக்கவில்லையா என்று கேட்டார்.

“படிச்சோம்” என்றார் அமலோற்பவம்.

“பிறகு ஏன் உள்ள வந்தீங்க? பறவைக்கு இடைஞ்சல்னு தெரியாதா?”

“எந்தப் பறவைக்கு?”

காவலர் மரங்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். வெயில் இருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு அவர்கள் எழுந்திருக்கும் வரை காத்து நின்றார். அவர்கள் வெளியேறியதும் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டினார்.

திரும்பும் வழியில் அமலோற்பவம் தூங்கிவிட்டார். சேதுராக்கு தூங்கவில்லை.

மறுநாள் அவள் சம்பத்குமரனிடம் போய் எதையும் எடுப்பதற்கில்லை என்றாள். அவர் வருத்தப்பட்டார். அப்படியானால் திருத்தத்தை நாங்களே செய்துகொள்கிறோம் என்றார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். பெயர் இல்லாமலே வரும் என்றார். கல்லூரி முதல்வரும் கூப்பிட்டு, அடுத்த ஆண்டுக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். தேவை என்றாள்.

கூரிச்சாமியிடமும் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

பொன்விழாவுக்குக் கரையில் பந்தல் போட்டார்கள். அவர்கள் திருத்திய வரலாறு புத்தகமாக மேசையில் அடுக்கியிருந்தது. அட்டையில் கூடு நிறைய நாரைகள். படம் வேறு எங்கோ எடுத்தது. அழைப்பிதழ் முன்பே அச்சாகிவிட்டதால் ஆய்வாளர் சில சொற்கள் பேசுவார் என்ற வரி அதில் அப்படியே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு சேதுராக்கு வந்திருந்தாள். அமலோற்பவத்தையும் கூப்பிட்டிருந்தாள். நான் எதுக்கு என்று அவர் வரவில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டபோது மேசையிலிருந்த புத்தகத்தை அவள் தொடவில்லை. தன் தாள்களைப் பிரித்தாள்.

முதலில் முட்டையைப் படித்தாள். பெயர்கள் இல்லை. மழை பொய்த்தது, கூடை கூடையாக இறக்கியது, விற்றது, கஞ்சி குடித்தது, எல்லாம் இருந்தது. பந்தலின் பின்பாதி சலசலத்தது. மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிகப்பாயி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கூரிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவரோடு இன்னும் பல பேர் எழுந்தார்கள். பந்தலை விட்டு நடந்தார்கள்.

அவள் நிறுத்தவில்லை. வேலியைப் படித்தாள். மண்வெட்டிக்குப் போட்ட வழக்கைப் படித்தாள். கூட்டில் செத்த குஞ்சுகளைப் படித்தாள்.

“வேலி போட்டு ஊரை வெளியே நிறுத்தியதால்...”

மேடையில் தலையாட்டல் நின்றது. சம்பத்குமரன் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தார். குழாயில் நாதஸ்வரம் பீறிட்டது.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. மேடையில் ஒருவர் பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார். அவள் அதை வாங்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

கரையில் இறங்கிக்கொண்டிருந்த கூரிச்சாமி நின்றார். திரும்பிப் பார்த்தார். நேராக ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போனார்.

நாதஸ்வரம் நின்றது.

அவர் மேடை முன்னால் வந்து மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“முதல்ல இருந்து படி தாயி” என்றார். “முட்டையில இருந்து.”